மதவாச்சி ஏற்றி இறக்கும் கூலி

ஒக்டோபர் 3, திங்கள்

சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, மழையும் வரவில்லை. கந்தோர்க் கூரைத் தகரம் கொதிக்கிறது. மேசை விசிறி கடுதாசிகளைப் பறக்கவிடுகிறது, எனக்கு மட்டும் காற்றில்லை.

முதலாளி கொழும்பிலிருந்து போன். (இனி மு. அந்த மனிதருக்கு முழுச்சொல் செலவழிக்க விருப்பமில்லை.) "லொறிக் கூலி நண்டு விலையைத் திண்ணுது பிள்ளை. பில்லுகளை முழுக்கப் பாருங்கோ. தேவையில்லாததை வெட்டுங்கோ. குறையாட்டி பேசாலைக் கிளையை மூடத்தான் வேணும்."

மூடினால் நண்டுப் பெட்டி அடுக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். எனக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒரே மாதச் சம்பளம் என்னுடையது.

லொறிகள் அருளப்பருடையவை. அவருடைய மகன் றெஜிக்குத்தான் என்னைப் பேசியிருக்கிறது. வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் எங்கள் கலியாண அறிவித்தலை, முதல் ஓலையை, கூறுவார்கள். மு.வுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் தருகிறார்.

வாங்க: சீனி, அப்பாவின் காலுக்கு எண்ணெய், சட்டைத் துணிக்கு ஊக்கு.

ஒக்டோபர் 4, செவ்வாய்

நாள் முழுக்க பில்.

காத்திருப்புக் கூலி. லொறி வாசலில் காத்திருந்ததாம். வந்த நேரமும் போன நேரமும் காவலாளியின் புத்தகத்தில் இருக்கின்றன. ஒருநாளும் காத்திருக்கவில்லை. வெட்டு.

ஐஸ். நண்டோடு ஐஸையும் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொழும்பு போய்ச் சேர அதில் பாதி தண்ணீர். றோட்டில் ஒழுகிப் போகிற தண்ணீருக்கும் நாங்கள் கூலி கொடுத்திருக்கிறோம். இனிப் பெட்டிக் கணக்கு.

மதவாச்சி ஏற்றி இறக்கும் கூலி. இதைக் கண்டு தனியே இருந்து சிரித்தேன். சண்டைக் காலத்தில் மன்னார் லொறி மதவாச்சி தாண்ட முடியாது. சோதனைச் சாவடியில் சாமான் முழுக்க இறக்கி, அந்தப் பக்கத்து லொறியில் ஏற்ற வேண்டும். நண்டு அங்கேயே பாதி செத்துவிடும். அதெல்லாம் நின்று எவ்வளவு காலம்! லொறி இப்போது நேரே கொழும்பு போகிறது. பில்லில் மட்டும் எங்கள் நண்டு இன்னும் மதவாச்சியில் இறங்கி ஏறுகிறது. இடையில் கூலியைக் கூட்டியும் இருக்கிறார்கள்.

அந்த லொறிகளில் ஒன்றை ஓட்டுவது றெஜி. போன் எடுத்துக் கேட்டேன். கலியாணம் பேசிய பிறகு நாங்கள் கதைத்தது இரண்டோ மூன்றோ தரம், அதிலும் ஒன்று மதவாச்சியைப் பற்றி.

"மதவாச்சியில நான் தேத்தண்ணிக்கும் நிப்பாட்டுறேல்லை," என்றார். "பில் எழுதுறது அப்பா."

தகப்பனுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. பிடித்திருந்தது. பின்னேரம் முழுக்கப் பிடித்திருந்தது.

ஒக்டோபர் 6, வியாழன்

அருளப்பர் கந்தோருக்கு வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் பில்லுகளை விரித்து வைத்தேன்.

மனிதர் கண்ணாடிகூடப் போடவில்லை. "வெட்டுங்கோ பிள்ளை, வெட்டுங்கோ. எங்கட வீட்டுக்கு வாற பிள்ளை சொல்லி நான் மறுக்கிறதோ?" காட்டின இடமெல்லாம் கையெழுத்து. தேத்தண்ணி குடித்தார், அப்பாவின் கால் எப்படி என்று கேட்டார், போய்விட்டார்.

பெட்டி அடுக்கும் இடத்திலிருந்து ஒரு குரல்: "மருமகள் இப்பவே மாமனாரை மடக்கிப் போட்டாள்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மு.வுக்குச் சொன்னேன். மாதம் பதினேழாயிரம் அளவில் குறையும்.

"வருசத்துக்கு ரெண்டு லட்சம்! அதுக்குத்தானே உங்களட்டக் குடுத்தனான். சம்மந்தி வீட்டோட மனிசன் மல்லுக்கு நிக்குமோ?"

என் சம்பளத்தைப் பற்றி எடுத்தேன். லைன் தெளிவில்லை என்றார். எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது.

ஒக்டோபர் 9, ஞாயிறு

பூசை முடிந்து சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஆற விட்டுக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை வீட்டார் டொனேசன் காசை ரெண்டு லட்சம் கூட்டிக் கேக்கினம், அண்ணன். சீதனமா எழுதித் தர உங்களட்டக் காணியும் கையில இல்லையெண்டு..."

காணி முள்ளிக்குளத்தில் இருக்கிறது. உறுதிப் பத்திரமும் இருக்கிறது. உள்ளே போகத்தான் நேவி இன்னும் விடவில்லை. வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். கட்டின வீட்டுக்குள்ளேயே போக முடியாத ஆட்களுக்கு என்ன பழமொழி?

அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஏன் இரண்டு லட்சம், ஏன் இந்தக் கிழமை என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கந்தோரில் வெட்டியதை அவர்கள் எங்கள் வீட்டில் வந்து எடுக்கிறார்கள்.

சாப்பிடவில்லை. தலையிடி என்று பொய்.

ஒக்டோபர் 11, செவ்வாய்

றெஜிக்குப் போனில் எல்லாம் சொன்னேன். வெட்டிய தொகை இது, கேட்ட தொகை இது.

"பெரியாக்களின்ர விசயத்தில நான் தலையிட ஏலாது, எமில்டா."

"மதவாச்சியைச் சொன்னீங்கள்தானே?"

"அது லொறி. இது வீடு."

ஆத்திரம். அவரைப் பிடித்திருந்த போன செவ்வாய்க்கிழமைப் பின்னேரத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அதற்காகவே அழுதேன்.

கலியாணம் வேண்டாம் என்றால் அருளப்பர் லொறியை நிறுத்துவார். ஐஸ் பெட்டி ஏற்ற இந்தக் கரையில் வேறு லொறி இல்லை. மு. கிளையை மூடுவார். வெட்டியதையெல்லாம் திரும்பப் பில்லில் சேர்த்தாலும் மு. கிளையை மூடுவார். பேசாமல் கழுத்தை நீட்டினால் அப்பாவின் தலையில் இரண்டு லட்சம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான்.

கறிவேப்பிலை முடிந்துவிட்டது.

ஒக்டோபர் 13, வியாழன்

வேலையால் வரும்போது வாசலில் அப்பாவின் படகு எஞ்சின் இல்லை. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். பூனை மணந்து பார்க்கிறது.

"ஆரைக் கேட்டு வித்தனீங்கள்?"

"ஆரைக் கேக்கிறது?" அப்பா வலையிலிருந்து தலை எடுக்கவில்லை. "உனக்கு முப்பத்தி நாலு வயசு."

அம்மாவின் சங்கிலியும் போயிருக்கிறது. கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு நிற்கிறா.

தரையில் அப்பாவுக்குக் கால் இழுக்கும். படகில் ஏறி எஞ்சினைப் பிடித்தால் அவர் ராசா. இனி இன்னொருவர் படகில் கூலிக்குப் போவாராம். இழுக்கிற காலோடு யார் ஏற்றுவார்கள்? நான் கேட்கவில்லை. மதவாச்சியை நான் கண்டும் காணாமல் விட்டிருந்தால் எஞ்சின் வாசலில் நிற்கும். கந்தோர் பூட்டியிருக்கும்.

ஒக்டோபர் 15, சனி

தூறல். ஓலைக்குப் பெயர் எழுத, பங்குச் சுவாமியின் அறைவீட்டுக்குப் போனோம். சுவாமி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது வழக்கம். முதலில் றெஜி, பிறகு நான்.

"முழுச் சம்மதமோ, எமில்டா? ஆரும் கட்டாயப்படுத்தினவையோ?"

ஜன்னலால் அப்பா தெரிந்தார். மினுக்கின சட்டையோடு வெளியே மர வாங்கில் இருந்தார், காலை நீட்டி.

ஒருவரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படி ஒருவர் இருந்தால் பெயர் சொல்லியிருப்பேன்.

"இல்லை சுவாமி."

கையெழுத்து.

ஒக்டோபர் 16, ஞாயிறு

முதல் ஓலை. பூசையில் இரண்டு பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி சுவாமி சொன்னார். சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா கண்ணைத் துடைத்தா.

கோயில் படியில் அருளப்பர், பத்துப் பேர் கேட்க: "மருமகளே! இனி லொறிப் பில்லையும் நீங்களே எழுதுங்கோவன். எல்லாம் ஒரு வீட்டுக் கணக்குத்தானே!"

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எழுதலாம் மாமா. லொறிப் பில்லில நான் வெட்டின ரெண்டு லட்சத்தை எங்கட அப்பாட எஞ்சினை விக்க வைச்சு எடுத்திட்டீங்கள். அதை எந்தப் பில்லில எழுத?"

அருளப்பரின் வாய் சிரித்தபடியே நின்றது. றெஜி போனைப் பார்த்தார். பெட்டி அடுக்கும் பெண்களும் அங்கே நின்றார்கள். இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அம்மா விறுவிறென்று முன்னால் நடந்துவிட்டா. அப்பா என்னோடு மெல்ல வந்தார். வீட்டுப் படலையடியில்தான் வாய் திறந்தார்.

"நல்லாக் கேட்டாய், பிள்ளை." படலையைத் திறந்துகொண்டு: "இனி என்ன செய்யிறது?"

"தெரியேல்லை அப்பா."

நாளை விடிய நண்டு வரும். லொறி வருமா தெரியவில்லை.