முதல் விதை போட்ட கை

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். குரும்பலூர்ப் பக்கம் மழை தவறவில்லை. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

நம் தெருக்காரர்கள் காட்டில் பருத்தி ஊன்றும்போது முதல் விதை உங்கள் கையால்தான் விழும். ராசியான கை என்பார்கள். அந்தப் புது விதை வந்த வருஷம் காய் பிடிக்காமல் போனதும் அதே ஆட்கள் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "வுடு சாமி, நம்ம கை ஆகல போல" என்று சிரித்தீர்கள். அதை நம்பிக்கொண்டேதான் போனீர்களா அப்பா?

கல்லூரிப் ப்ராஜெக்டுக்கு அந்த வருஷத்துப் பருத்தியையே எடுத்துக்கொண்டேன். வாய் திறக்கவே கூசும் நான், ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் மழை, மண், உரம், விதை எல்லாம் கேட்டேன். கடைசியில் தயங்கித் தயங்கி, முதல் விதை யார் கை என்றும் கேட்டேன். உரம் எவ்வளவு என்றால் கூரையைப் பார்த்தவர்கள், அதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

மழையையும் மண்ணையும் உரத்தையும் வைத்து, ஒரு காட்டில் இவ்வளவு விளைந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். உண்மையில் விளைந்ததிலிருந்து அதைக் கழித்தால் வருவது மிச்சம். அந்த மிச்சங்களை வகைவகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு பெட்டி வரைவோம். அந்த வகையின் நடுப்பாதிக் காடுகள் பெட்டிக்குள் இருக்கும். பூஜ்யக் கோடு ஊடே ஓடும்படி பெட்டி அதன் மேல் உட்கார்ந்தால் கணக்கு சரி. முழுசாகக் கீழே இறங்கினால், நாம் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒன்று அந்த வகையை இழுத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் விதை போட்டவர் வாரியாகப் பிரித்தேன். உங்கள் பெட்டி கீழே கிடந்தது. கல்லூரி லேபில் பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடக் கூடாதென்று திரையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊர் சொன்னது சரிதானா?

அப்புறம்தான் உறைத்தது. நம் தெருவில் அநேகம் பேர் வாங்கியது அந்தப் புது விதை. உங்கள் பெட்டியை விதைவாரியாக இரண்டாக்கினேன். பழைய விதை போட்ட காடுகள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தன. புது விதைதான் கீழே. மற்றவர்கள் ஊன்றிய காடுகளையும் அப்படியே பிரித்தேன். அங்கேயும் புது விதைப் பெட்டி கீழேதான் கிடந்தது. யார் கை தொட்டிருந்தாலும் அந்த விதை அப்படித்தான், அப்பா. லேபிலேயே அழுதுவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து மூச்சு சீராக வந்தது போல இருந்தது.

படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். உங்களைக் கூப்பிடாமல் முதலில் நிறுத்தியவர் அவர்தானே.

"பொட்டி பொட்டியா போட்டுருக்க. இதுல என் காடு எங்க?"

"இந்தக் கீழ்ப் பொட்டியில பெரியப்பா. அந்த வருஷம் நீங்களும் புது வெதைதான போட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"தம்பி இருந்தப்பவே இதப் போட்டுருக்கக் கூடாதா நீ?" என்றார். பிறகு, "ஆவணியில ஊனணும். மொத வெதைக்கு நீ வந்துரு."

"கையில ஒண்ணும் இல்லன்னுதான இவ்ளோ நேரம் சொன்னேன்?"

"அதெல்லாம் எனக்கும் வெளங்குது. வாடின்னா வா."

போகப் போகிறேன் அப்பா. என்ன விதை, எங்கே வாங்கியது என்று முதலில் கேட்டுக்கொள்வேன். அப்புறம் நீங்கள் நின்ற அதே வரப்போரத்தில் நின்று, நீங்கள் போட்டது போலவே போடுவேன். இனி நம் தெருவில் யாருடைய கையையும் யாரும் குறை சொல்ல விடமாட்டேன்.

உங்கள் கைவிரல்களையே கொண்டு பிறந்த மகள்,
செல்வி