அடுத்த பிளாக், அதே கதவு

திங்கட்கிழமை

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டதா? போன கடிதத்தில் உங்கள் எழுத்து முன்னைவிட நேராக இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, அப்பா வேறு யாரையோ வைத்து எழுதியிருக்கிறார் என்றாள். இதுதான் அப்பாவின் கையெழுத்து, நீ பார்த்ததில்லை என்று சொன்னேன்.

மறுவாழ்வு இல்லத்தில் உங்களை வெங்காயம் நறுக்க வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமையலறைக் குழாய் ஒழுகினால் மட்டும்தான் நீங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பீர்கள். திரும்பி வந்த பிறகு அந்தக் கலையை மறந்துவிட வேண்டாம். ஆனால் அடுத்த வரியிலேயே, சாயங்காலம் ஆனால் உடம்பு என்னவோ செய்கிறது, உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிரிப்பு அதோடு போய்விட்டது. அந்த நேரத்தில் கூட இருந்து பேச யாராவது இருக்கிறார்களா? எனக்கும் அது நல்ல நேரமில்லை. படியில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் காது அங்கே போய்விடுகிறது.

கடையை நான்தான் திறக்கிறேன். சாவி வெட்டுகிற மெஷின் ஒரு வழியாக என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. சாதாரணச் சாவிக்கு மாற்றுச் சாவி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பூட்டு ரிப்பேர் வந்தால் மட்டும், அவர் வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். எங்கே போயிருக்கிறார் என்று சிலர் தெரியாமல் கேட்கிறார்கள், சிலர் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். துணிக்கடை மேனேஜர் தன் கடை ஷட்டர் பூட்டுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். வழியில் என்னைப் பார்த்ததும் அவசரமாகப் போனைக் காதில் வைத்தார். அது தலைகீழாக இருந்தது. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுச் சாவியை, கடைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனவர்கள்தானே எல்லாரும்.

இப்போது முக்கியமான விஷயம். வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த புதன்கிழமை விசாரணை. இல்லத்திலிருந்து ஒரு ஆள் துணையோடு உங்களை அழைத்து வருவார்களாம். நடந்ததில் பாதி உங்களுக்கு நினைவில்லை என்பதால், வழக்குத் தாளில் இருப்பதோடு நான் ஊகித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். குடித்துவிட்டு வந்த நீங்கள் நம் பிளாக் என்று நினைத்து அடுத்த பிளாக்கில் ஏறிவிட்டீர்கள். அதே மாடி, அதே பச்சைக் கதவு. உங்கள் சாவி சேரவில்லை. இன்னொரு குடிகாரனாக இருந்தால் கதவை உடைக்கிற மாதிரி தட்டி, ஊரைக் கூட்டி, திட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிருப்பான். நீங்கள் பூட்டுக்காரர். பூட்டு மக்கர் செய்கிறது என்று நினைத்துப் பையிலிருந்து கம்பியை எடுத்துத் திறந்துவிட்டீர்கள். உள்ளே போய்ச் சாத்தினீர்கள், அது தானாகப் பூட்டிக்கொண்டது. சட்டையை ஆணியில் மாட்டி, செருப்பை ஜோடியாக வைத்து, கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். நம் வீட்டில் ஒரு நாளாவது செருப்பை ஜோடியாக வைத்திருக்கிறீர்களா? விடிந்ததும் அறையிலிருந்து வெளியே வந்த, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த வீட்டுப் பெண் கண்டது இதைத்தான். போலீஸ் கண்டது பை நிறையக் கம்பிகளை.

நீங்கள் உள்ளே நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை, அதனால் வக்கீலம்மா சொல்வது இதுதான். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது, தள்ளினேன், திறந்துகொண்டது என்று நீங்கள் சொன்னால் போதும். தெரியாமல் நுழைந்ததாக ஆகிவிடும், கண்டித்து அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். பூட்டைத் திறந்தேன் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டால், தொழில் லைசென்ஸை ரத்து செய்துவிடுவார்கள். பூட்டுக்குப் பக்கத்திலேயே உங்களை விடமாட்டார்கள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, வக்கீலம்மாவிடமும் இல்லை. எந்த மாடி, எந்த வீடு, எதுவும் தெரியவில்லை, ஆனால் அந்தப் பூட்டுக்குள் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தது, நாளைக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன் என்றீர்கள். உங்கள் தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.

இல்லத்தில் தினமும் வட்டமாக உட்காரவைத்து உண்மையைப் பேசச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், அங்கே பேசுங்கள். கோர்ட்டில் வக்கீலம்மா சொன்னதைச் சொல்லுங்கள். தொழில் போய், நீங்கள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அந்த மதுக்கடை வாசலுக்குத்தான் கால் போகும். அதை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இங்கே படிக்கட்டில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பூட்டின கதவு பூட்டினபடி இருக்க உள்ளே ஆள் இருந்தால், உள்ளேயிருந்து யாரோ திறந்து விட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். தனியாக இருக்கிற பெண் வேறு. நான் உங்களை நம்புகிறேன். இருந்தாலும் மனசு ஒரு ஓரத்தில் குடைகிறது. அப்படி ஒன்றும் இல்லையே?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி


வியாழக்கிழமை

என் அன்புக்குரியவருக்கு,

திங்கட்கிழமை எழுதியது உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதில் வெங்காயம் நறுக்கியது வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இதைக் கடைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது சாவி வெட்ட வந்தால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அந்த மருந்துக்கடைப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். உங்களிடம் கேட்கவில்லை, வக்கீலம்மாவிடமும் கேட்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பொய். அவள் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் சண்டை போடவும்தான். படி ஏறும்போதே என்னென்ன கேட்பது என்று வரிசையாக வைத்திருந்தேன்.

யார் யார் என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு எதையோ தரையோடு இழுக்கிற சத்தம். கதவு திறந்தபோது பார்த்தேன், துணி அலமாரியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அதை இழுத்து வைத்து, காலையில் தள்ளிவிட்டுப் போகிறாள். தரையில் கோடு கோடாகக் கீறல். நான் வரிசையாக வைத்திருந்ததெல்லாம் அந்தக் கீறலைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். புகாரை வாபஸ் வாங்கினால் ஊர் சொல்வதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு மாதிரி சிரிக்கிறார்களாம். அவளுடைய அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். கோர்ட்டில் கதவு திறந்திருந்தது என்று ஆகிவிட்டால், வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணியின் வீட்டில் ஒரு மூலையில் பாய் விரித்து, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. 'எல்லாரும் கேட்டுக் கேட்டு, அன்னைக்குக் கதவைச் சாத்தினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா' என்றாள். கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கி எண்ணுகிறாளாம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறாளாம். தன் கை செய்த வேலையைத் தானே நம்ப முடியவில்லை என்றாள்.

என் வாய் நிற்கவில்லை. சாத்தியிருந்தது, நன்றாகப் பூட்டியிருந்தது, உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்ததாக அவர் என்னிடம் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். அந்த ஸ்பிரிங்கைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாளாம், தாழ்ப்பாளும் விழவில்லை என்று சொல்லியிருக்கிறாளாம். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்திருக்கிறார். திடீரென்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். எதற்காக என்று கேட்காதீர்கள், நிறைய இருந்தது.

கோர்ட்டில் அவர் என்ன சொல்வார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவர் ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு ஆசை இல்லைக்கா. பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்' என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நம் வீட்டில் என்ன விலை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இன்று காலை வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உண்மையைச் சொல்வதென்றால் முழுவதும் சொல்ல வேண்டும் என்றார். உங்களுக்கு எவ்வளவு போதை, எத்தனை வருஷப் பழக்கம், இப்போது எங்கே இருக்கிறீர்கள், எல்லாம். இல்லத்து டாக்டரிடம் ஒரு தாள் வாங்கிவரச் சொன்னார். திருடும் எண்ணம் இல்லை என்று கோர்ட் நம்பலாம், ஆனாலும் லைசென்ஸைக் காப்பாற்றுவேன் என்று நான் வாக்குத் தரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. பெரும்பாலும் போய்விடும்.

போனால் போகட்டும் என்று வாய் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. வயிறு சொல்லமாட்டேன் என்கிறது. நீங்கள் பூட்டைத் தொடாமல் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாயங்காலங்களை எப்படித் தாண்டுவீர்கள் என்றும் தெரியவில்லை. ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்றிய லைசென்ஸைக் கடைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, தினமும் அந்தப் பெண் அலமாரியை இழுக்கிற பிளாக்குக்கு எதிரே நீங்கள் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். அதைத் தாங்க உங்களுக்கு ஒரு பாட்டில் போதாது. உங்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழக்கமான இடம் மாதிரி இருந்தது. ஒரு தடவை நீங்கள் குடித்துவிட்டு வரக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு கடையில் புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன், நினைவிருக்கிறதா? சத்தமே இல்லாமல் திறந்து உள்ளே வந்து என் முன்னால் நின்றீர்கள். மறுநாள் அதை எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. நீங்கள் அடிக்கிற மனுஷர் இல்லை, கை நீட்டியதே இல்லை. ஆனாலும் என் வீட்டில் நான் மூடி வைக்கக்கூடிய கதவு என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அலமாரியை இழுத்து வைக்கத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்கள் அங்கே தினமும் உண்மை பேசுகிறீர்கள், நானும் ஒன்று பேசிப் பார்த்தேன்.

புதன்கிழமை கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மகளைக் கூட்டிவரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அது உங்கள் வார்த்தை, நான் கண்ணைக் காட்டமாட்டேன், தலையை ஆட்டமாட்டேன். உங்களுக்கு நல்ல வார்த்தை வாயில் வர வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருப்பேன்.

இல்லத்தில் உங்கள் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது, லைசென்ஸோடு வந்தாலும் இல்லாமல் வந்தாலும், ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் சாவி இருக்கும். சாவி இல்லாமலும் உங்களுக்கு வரத் தெரியும். அன்றைக்கு அது எதுவும் வேண்டாம். மணியை அழுத்திவிட்டு வெளியே நில்லுங்கள். கொஞ்சம் நேரமானாலும் நில்லுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

உங்கள் மனைவி