சப்பரக் கொட்டகைக் குடித்தனம்

1984 ஏப்ரல் 9, திங்கள்

வெயில். காலை ஒன்பதுக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. லாரி புக்கிங் ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. பி.ஏ. வரலாறு படித்ததற்குக் கிடைத்த நாற்காலி, அதிலும் ஒரு கால் ஆட்டம்.

மாலை மாதா கோயில் பக்கம் போனேன். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சப்பரக் கொட்டகை முன்னால் நின்று, அங்கே குடியிருக்கும் அருளப்பனின் பெயர், மனைவி ரோசாலி பெயர், எந்தக் கப்பல், எந்த மாதம் என்று எழுதிக்கொண்டார். சிலோனிலிருந்து வந்தவர்களை எல்லா ஊரிலும் இப்படி விசாரிக்கிறார்களாம். கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தார், போனார். அவ்வளவுதான்.

தெருமுனை டீக்கடையை நான் தாண்டுவதற்குள்:

"புலியாமா?"

"கொட்டகைக்குள்ள வெடிகுண்டு வெச்சிருக்கறானாம். சப்பரத்துக்கு அடியில."

"புலின்னா சேகோ பேக்டரியில கெழங்குத் தோலு உரிச்சிக்கிட்டு இருப்பானாக்கும்? போங்க மாமா."

"வேசமுங்க, வேசம்."

அருளப்பனின் வேசம்: தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடித்தவர். கணுக்காலில் அட்டைக் கடித் தழும்பு. தாத்தா தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். மூன்று தலைமுறை கழித்து, நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேரே தம்மம்பட்டிக்குத்தான் போயிருக்கிறார். பங்காளிகள் வாசலில் உட்காரவைத்துச் சோறு போட்டு, காடு கரையில் பங்கு கேட்டு வந்தானோ என்று பயந்து, மறு பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்கள். தை மாதம் இங்கே வந்து ஜவ்வரிசி ஆலையில் (சேகோ பேக்டரி) வேலைக்குச் சேர்ந்தார். பங்குச்சாமியார் கோயிலுக்குப் பின்னால் சப்பரக் கொட்டகையைத் திறந்துவிட்டார். முன்பாதியில், திருவிழாவில் சுரூபம் ஏற்றித் தூக்கும் சப்பரம். பின்பாதியில், ஒரு சேலையைத் தொங்கவிட்டு, இவர்கள் மூன்று பேர். மகள் ஸ்டெல்லாவுக்கு நாலு வயது.

11, புதன்

அண்ணன் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்திருக்கிறான். ஆரஞ்சு கொண்டுவந்தான், பாதி அழுகல்.

சாப்பிடும்போது சொன்னான். வழியில் ஆக்ஸில் உடைந்து, ஒரு ஊர் ஓரம் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்கப் போனால் கிணற்றடியில் விடவில்லை. மதராசி, பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒருத்தி கத்த, தடியோடு கூட்டம். கிளீனர் பையனுக்கு மண்டையில் அடி. இரண்டு நாள் லாரிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம்.

அம்மா அழுதாள். "கண்ணு தெரியாத ஊருல போயி, பாவம், தண்ணி கூடக் குடுக்கலியே. அவங்கெல்லாம் மனுசங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கவளம் போட்டுக்கொண்டே: "அந்தச் சிலோன்காரங்கள இந்த ஊர விட்டுச் சீக்கிரம் தாட்டி உடோணும். வயசுப் புள்ளைக இருக்கற ஊரு."

அண்ணன் தலையாட்டினான். அப்பா ரசம் கேட்டார்.

 இவர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய் மரத்துப்போய்விட்டது.

15, குருத்து ஞாயிறு

குருத்தோலை. பவனி. பிரசங்கம் அந்நியரை ஏற்பதைப் பற்றி. நல்ல தமிழ்.

பூசை முடிந்து கோயில் கமிட்டி. செயலாளர் மரியதாஸ், சிமெண்ட் கடை (இனி ம.தா.; முழுப் பெயருக்கு மை வீண்). பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேருக்கும் இங்கே பரம்பரை நாற்காலி. அப்பனுக்குப் பின் மகன். அப்பாவுடையது நாலாவது. மூன்றாவது நாற்காலிக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. அவருக்கு மகன் இல்லை.

நான் எழுந்து, அருளப்பனை உட்காரவைக்கலாம் என்றேன். கமிட்டியில் எனக்குப் பேச உரிமை கிடையாது. பேசினேன்.

ம.தா.: "சொந்தப் பங்காளியே சேத்துக்கலியாமா. நாம என்னத்துக்குங்க தூக்கிச் சொமக்கோணும்?"

சாமியார்: "உட்காரட்டுமே."

ம.தா. கொஞ்சம் யோசித்தார். கடையில் மூட்டைக்கு விலை சொல்லுமுன் யோசிக்கும் அதே முகம். "சரிங்க சாமி. காலுதானே, கழுவுங்க. ஆனா சப்பரம் மந்திரிச்ச பொருளு. அது இருக்கற எடத்துல குடித்தனம் ஆகாதுங்க. பாஸ்காவுக்குக் கொட்டகைய ஒழிச்சுக் குடுக்கச் சொல்லீருங்க."

சாமியார் அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி."

வியாழன் கால் கழுவுவது. பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) முந்தின சனிக்கிழமை வெளியேற்றுவது. ஒரே தீர்மானம். அப்பா கை தூக்கினார். கொட்டகைச் சாவி அப்பாவிடம்தான் இருக்கும். அந்தச் சப்பரத்தைச் செய்ததும் அவர்தான். லாரி பாடி கட்டும் பட்டறையில் தலைமைத் தச்சர்; ஒரு நூல் பிசகாது. கொட்டகை வாசல் நிலைக்கும் சப்பர உச்சிக்கும் நடுவே ஒரு விரல் சந்து விட்டுச் செய்திருக்கிறார். வருசா வருசம் உச்சிச் சிலுவை இடிக்காமல் உள்ளே போகும்போது எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

16, திங்கள்

இரண்டு சேதியையும் நானே போய்ச் சொன்னேன். நாற்காலி முதலில், கொட்டகை பிறகு.

ரோசாலி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "எங்க போறது, தம்பி?"

 வாடகைக்கு யாரும் தரமாட்டார்கள். போன மாதம் நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று. சிலோன் என்றதும் கதவு.

அருளப்பன்: "எத்தன மணிக்கு வரணும், வியாழக்கிழம?"

"ஆறு."

"பேக்டரி அஞ்சரைக்குத்தான் விடும். ஓடி வந்துடுறேன்."

ஸ்டெல்லா சப்பரத்தின் மரத் தேவதைக்குத் துண்டு கட்டிச் சேலையாக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவிழ்த்தாள். யாரோ திட்டியிருக்கிறார்கள்.

வீட்டில், பின்கட்டு அறையைக் கொஞ்ச நாளைக்கு அவர்களுக்குக் கொடுக்கலாமே என்றேன். அம்மா: "உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா சாமி?" அப்பா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்க வேண்டியது: பேனா மை, அண்ணனுக்கு பீடி, அம்மாவுக்குத் தைலம்.

19, பெரிய வியாழன்

மதியம் வரை ஆபீஸ். வீட்டுக்கு வந்தால் அப்பா கல்லின் மேல் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கால் தேய்க்கிறார். நகம் வெட்டியாகிவிட்டது. அம்மா பீர்க்கம் நாரோடு குதிகாலில். பன்னிரண்டு வீட்டிலும் இதே நேரம் இதேதான். சாமியார் கழுவுவதற்கு அழுக்கே இல்லாத கால்களைத் தருவதுதான் இந்த ஊர் மரியாதை. சிலர் பவுடர் கூடப் போடுவார்கள்.

ஆறு மணி. வெள்ளை வேட்டி, சிவப்புத் துண்டு. பதினோரு பேர். மூன்றாவது நாற்காலி காலி. ம.தா. திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிரசங்கம் முடியுமுன் வந்துவிட்டார் அருளப்பன். ஓடிவந்த மூச்சு. வேட்டி வெள்ளை. முழங்காலுக்குக் கீழே கிழங்குப் பால் காய்ந்து வெள்ளையாய், பாளம் பாளமாய். புளித்த வாடை. அப்பாவுக்கு அடுத்து உட்கார்ந்தார். அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

ஒன்று, இரண்டு முடிந்தது. தட்டத்தில் தண்ணீர் கண்ணாடி போல. மூன்றாவது கால். சாமியார் ஊற்ற ஊற்ற மாவு கரைந்து தண்ணீர் பாலாகிவிட்டது. தேய்த்தார். உண்மையாகவே தேய்த்தார். நேரம் பிடித்தது. பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அழுகையா, வாடையா, தெரியவில்லை.

பிறகு அப்பா. தட்டத்தை நகர்த்தி வைத்தார் சாமியார்.

அப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேண்டாமுங்க சாமி."

சாமியார் மண்டியிட்டபடியே காத்திருந்தார். அப்பா காலைத் தரவில்லை. சாமியார் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். பாடகர்கள் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

வெளியே ம.தா. அப்பா தோளைத் தட்டினார். "ரோசக்காரருங்க நீங்க."

அம்மா வழி நெடுக: "ஏசுநாதர் காலக் கழுவ வந்தப்ப இராயப்பரும்தான் மொதல்ல வேண்டாம்னாரு. அவரு என்ன கெட்டவரா?"

அருளப்பனைக் குழாயடியில் பார்த்தேன். சாமியார் கழுவாத மற்றக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "எங்க தோட்டத்துக் கோயில்ல கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு அப்படியேதான் வந்து உக்காருவோம். கழுவத்தான் கூப்புட்டாங்கன்னு நெனச்சேன். இங்க கழுவிட்டு வரணுமா? சொல்லியிருக்கலாமே, தம்பி."

சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

20, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை. வெயில். உபவாசம். தலைவலி.

மாலை அப்பாவிடம் கேட்டேன். ஏன் இழுத்துக்கொண்டீர்கள்?

அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டே: "என்ற காலு சுத்தமா இருந்துச்சு. அதுல கழுவறதுக்கு என்ன இருக்குது?"

நம்பவில்லை. வேட்டியை ஒதுக்கியதை நான் பார்த்தேன்.

21, சனி

அப்பா விடிந்ததும் அண்ணனையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிப்போய்ச் சப்பரத்தை வெளியே எடுத்துவிட்டார். வேப்பமரத்தடியில் வேலை. இழைப்புளி, வாச்சி, பட்டறையிலிருந்து லாரி பாடிக்கு வாங்கிய மரத்தில் மிச்சம். நாலு கால்களும் உளுத்துவிட்டனவாம், புதிதாக மாற்றுகிறார். ம.தா. வந்து பார்த்து, "பலமா இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்களை வெளியேற்றும் நாளில் சப்பரத்துக்கு அலங்காரம். பக்கத்திலேயே ரோசாலி பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடுக்குகிறார். அப்பா அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆணியை வாயில் கடித்துக்கொண்டு, அளவுகோலும் தானுமாக.

மதியச் சோறு கொண்டுபோனேன். வைத்துவிட்டு வந்தேன். இந்த மனிதரிடம் இனிப் பேச ஒன்றுமில்லை என்று தோன்றியது. கோபம்கூட இல்லை.

நாளை ஒரு நாள் மட்டும் இருந்துகொள்ளட்டும், சப்பரம் உள்ளே போகும்போது கொட்டகையை ஒழித்துக் கொடுத்தால் போதும் என்று ம.தா. இரங்கியிருக்கிறார். பாஸ்கா அல்லவா.

22, பாஸ்கா ஞாயிறு

காலைப் பூசை. ஆட்டுக்கறி. நாற்பது நாள் தவக்காலம் கழித்தும் ருசி தெரியவில்லை.

ஐந்து மணிக்குச் சாமியார் சப்பரத்துக்குத் தீர்த்தம் தெளித்தார். உயிர்த்த ஆண்டவர் சுரூபம் ஏற்றிப் புறப்பாடு. பேண்டு. சரவெடி. அருளப்பன் குடும்பம் வேப்பமரத்தடியில் தகரப் பெட்டி மேல். ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டு.

தெருச் சுற்றி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தது. சுரூபத்தை இறக்கிவிட்டு வெறும் சப்பரத்தைக் கொட்டகைக்குத் தூக்கினோம். நானும் ஒரு தோள். எல்லோரும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்கள்.

டங்.

உச்சிச் சிலுவை நிலையில் இடித்தது. குனிந்தோம். மறுபடி இடித்தது. முழங்கால் மடக்கி, தரையோடு தரையாக. போகவில்லை. ஒரு சாண் அதிகம்.

ம.தா.: "என்னங்க இது, சவரிமுத்து?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அளவு தப்பிப் போச்சுங்க."

 முப்பது வருசம் லாரி பாடி கட்டியவர்.

"சரி, தப்புனது தப்பிருச்சு. காலை அறுத்துப்போடுங்க. ஒரு சாண்தானே?"

"அறுக்கலாமுங்க. ஆனாச் சாமி தீர்த்தம் போட்டுட்டாரு. மந்திரிச்ச பொருளுன்னு நீங்களே சொன்னீங்க. ரம்பம் வெக்கலாமுங்களா?"

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார் சப்பரத்தைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், மரத்தடியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பார்த்தார். அங்கிப் பொத்தானில் கை போகவில்லை.

"கூடாது" என்றார். "கோயில் முகப்பில் இருக்கட்டும்."

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை என்று நினைக்கிறேன்.

ம.தா.: "அப்பக் கொட்டகையப் பூட்டுங்க."

தூக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் அண்ணன்தான். தோளில் இன்னும் பாரம், மூச்சு வாங்குகிறது. "சப்பரமே இல்லாத கொட்டகைக்கு என்னத்துக்குங்க பூட்டு? எறக்கி வெக்கற எடத்த மொதல்லச் சொல்லுங்க, தோளு போவுது."

சிலர் சிரித்துவிட்டார்கள். ம.தா. சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சும்மா இருக்கமாட்டார். அடுத்த கமிட்டியில் வேறு காரணம் வரும்.

சப்பரம் முகப்பில். ரோசாலி பெட்டியை ஒரு பக்கம் பிடித்தார், அருளப்பன் ஒரு பக்கம். உள்ளே போனார்கள். முன்பாதி இப்போது வெறும் தரை. நடுச்சேலையை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று ரோசாலி அதைப் பிடித்தபடி நின்றார். அப்பா அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.  அப்பாவும் சாமியாரும்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தோள் வலித்தது.

வீட்டில் அம்மா: "கெழடு தட்டிப் போச்சு உங்கப்பனுக்கு. ஊரு சிரிக்குது."

23, திங்கள்

ஆபீஸ் லீவு. வானம் மூட்டம், மழை இல்லை. அப்பா அளவுகோலை மறந்துவிட்டுப் பட்டறைக்குப் போயிருந்தார். கொண்டுபோனேன். ஒரு லாரிக்குப் பக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து முதல் பேச்சு.

"ஏனுங்கப்பா, எவ்வளவு ஏத்துனீங்க?"

"எதை?" என்றார்.