ஏழாம் அறைத் துண்டு

ஏழாம் அறை,
செவ்வாய் காலை

ஓட்டல் மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை வந்து இறங்கிய ஜவுளி வியாபாரி எழுதுவது. கோட்டையையும் அரண்மனையையும் பார்க்க வந்திருப்பதாக வரவேற்பில் சொன்னேன். அவற்றை டாக்சியில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்துவிட்டேன்.

உங்கள் ஓட்டல் ஒரு காலத்தில் பெரிய மனிதர் வீட்டு மாளிகையாம். சந்தோஷம். அதற்காக வாசல் நிலையையும் அந்தக் காலத்து ஆட்கள் உயரத்திலேயே விட்டுவைக்க வேண்டுமா? நெற்றி புடைத்துவிட்டது. மற்றபடி, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வெந்நீர் கேட்காமலே வந்தது. பலகாரம் கொண்டுவந்த பெண் சிரித்த முகமாக இருந்தாள். குறை கண்டுபிடிக்க ஆள் வைத்துத் தேட வேண்டும் போலிருக்கிறது. தேடுவேன்.

இப்படிக்கு,
ஏழாம் அறைக்காரன்

*

அலுவலக அறை,
செவ்வாய் மதியம்

ஏழாம் அறை விருந்தினர் அவர்களுக்கு,

நிலைக்கு மேலே 'குனிந்து வரவும்' என்று கொட்டை எழுத்தில் மாட்டியிருக்கிறோம். குனிந்து பழக்கமில்லாதவர்களுக்கு வேறென்ன செய்ய முடியும்?

அப்பா, பதிவேட்டில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். என் ரேங்க் கார்டு முழுக்க இருந்த அதே கிறுக்கல். "நான் கட்டின கடைய விட்டுட்டு, எவனோ கட்டின வீட்ல சத்திரம் நடத்தப் போறியா? ஒரு வருஷம் தாங்காது" என்று நீங்கள் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஃபோனை எடுத்தாலே இருவருக்கும் குரல் உச்சத்துக்குப் போய்விடுகிறது. இங்கே மற்ற விருந்தினர்கள் இருக்கிறார்கள். எழுதியே பேசுவோம்.

வெள்ளிக்கிழமை கிளம்புவதாகப் போட்டிருக்கிறீர்கள். என்ன பார்க்க வந்தீர்களோ, அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஏன் வரவில்லை?

மேனேஜர்

*

ஏழாம் அறை,
புதன்

சின்ன முதலாளிக்கு,

கல்லாவில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத வயதில் உன்னை அப்படித்தானே கூப்பிடுவேன்? அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. எல்லாம் என்மேல்தான். "முதல்ல நீங்க போய் அவகிட்ட நல்லபடியா நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் கூப்பிடுங்க, வரேன்" என்று அனுப்பிவைத்தாள்.

இன்று காலை தீ மணி அடித்ததே, அது என் கைங்கரியம். குளியலறைத் துண்டைத் தொட்டதுமே சந்தேகம் தட்டியது. நாலு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். சுத்தப் பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. பாலியஸ்டர் கலப்பு! என் மகளை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று பொங்கி எழுந்தேன். தலைக்கு மேலே மணியும் பொங்கிவிட்டது.

முற்றத்தில் பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு நின்ற ஒருவர், "யாருங்க பத்த வெச்சது?" என்று என்னிடமே கேட்டார். "அதானே, யாரா இருக்கும்?" என்றேன் நானும்.

நீ கத்தவில்லை, ஓடவில்லை. "எல்லாரும் வெயில் பக்கமா வாங்க, காபி வந்துட்டிருக்கு" என்றாய். ஒரு பார்வையில் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டாய். பிறகு இந்த மாளிகையைக் கட்டியவர் தன் வீட்டு நிலையிலேயே தினம் இடித்துக்கொண்ட கதையை எடுத்துவிட்டாய். அழுத குழந்தைகூடச் சிரித்தது. தீ என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்கும்தான்.

என்னைத் தாண்டும்போது ஒரு கோப்பையை நீட்டினாய். சர்க்கரை இல்லாத காபி. மறக்கவில்லை நீ. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இன்னொரு மணி அடித்திருக்கும்.

துண்டுக்கு மட்டும் பதில் சொல்.

அப்பா

*

அலுவலக அறை,
வியாழன் காலை

அப்பாவுக்கு,

என்னை யாரும் ஏமாற்றவில்லை. தெரிந்துதான் வாங்கினேன்.

இந்த வீட்டுக் கல் சுவரின் கனத்தைப் பார்த்தீர்கள் இல்லையா? மழைக்காலம் வந்தால் உள்ளே ஈரம் அசையாது. முதல் வருஷம் சுத்தப் பருத்தித் துண்டுதான் வைத்தேன். காயவே காயாது. விருந்தினர்கள் முகம் துடைக்கப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கலப்புத் துண்டு ஒரே ராத்திரியில் காய்ந்துவிடுகிறது.

உங்களிடம் வாங்கியிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு லாரி நிறைய இனாமாக இறக்கியிருப்பீர்கள். அப்புறம் இது உங்கள் கடையின் கிளையாகியிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

இழையை எரித்துப் பார்க்க எனக்கும் தெரியும். நான் கொல்லைப்புறத்தில் வைத்து எரித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாளைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

மகள்

*

ஏழாம் அறை,
வியாழன் மாலை

முதலாளிக்கு,

மடக்கிவிட்டாய். இத்தனை வருஷம் துண்டு விற்றிருக்கிறேன். வாங்கிப் போனவர் வீட்டில் அது காய்ந்ததா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. விற்றால் என் வேலை முடிந்தது. உனக்கு அங்கிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது. இது நான் அறியாத வியாபாரம். ஒரு வருஷம் தாங்காது என்று சொன்ன வாயை உன் காபி நன்றாகவே சுட்டது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பேசினீங்களா?"

"எழுதினேன்."

"ஏதோ ஒண்ணு. ராத்திரி பஸ்ல கிளம்பிடறேன்."

பெட்டியை நான் புறப்பட்ட அன்றே கட்டி வைத்துவிட்டாளாம்.

எங்கள் இருவருக்கும் ஒரு வாரத்துக்கு அறை வேண்டும். நாலு நாள் தங்கிய பழைய வாடிக்கைக்காரன் என்பதை மனதில் வைத்து வாடகையைப் பார்த்துப் போடு.

அப்பா

*

அலுவலக அறை,
வெள்ளி, விடியற்காலை

அப்பாவுக்கு,

'முதலாளி'க்கு முன்னால் 'சின்ன'வைக் காணோம். அவசரத்தில் விட்டுப்போனதா, தெரிந்தே விட்டதா? கேட்க மாட்டேன். கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.

வாடகையில் பேரம் கிடையாது. அறையும் கிடையாது. உங்கள் ஏழாம் அறைக்கு மதியம் வேறு ஆள் வருகிறார்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் வீடு இருக்கிறது. அதை நான் வாடகைக்கு விடுவதில்லை. அங்கே உங்கள் இருவருக்கும் கட்டில் போட்டு மூன்று வருஷமாகிறது. வாரம் தவறாமல் விரிப்பு மாற்றுகிறேன்.

அம்மாவை அழைத்துவர பஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறேன். சாவி கதவிலேயே தொங்குகிறது. அங்கேயும் நிலை தாழ்வுதான், பார்த்து. மேலே எவ்வளவு சத்தம் போட்டுப் பேசினாலும் கீழே கேட்காது.

தீப்பெட்டியை மட்டும் வரவேற்பில் கொடுத்துவிட்டு வரவும்.

உங்கள் மகள்