கும்பத்தடியில் அயர்லாந்துக்காரர்

வியாழன் இரவு, விஜயதசமிக்கு முதல் நாள்

இன்னும் என்மேல் எனக்கே எரிச்சல். வாணி விழாவுக்கு அலுமாரிக்கு ஒரு புத்தகம் வைத்தால் போதும் என்று நூலகப் பொறுப்பாளர் புனிதம் அக்கா சொன்னா. உதவிக்கு நிற்கும் நான் கேட்டேனா? எங்கள் நூலகத்தின் பெருமையே அயர்லாந்து எழுத்தாளர் ஒருவரின் புத்தகச் சேகரிப்புத்தானே என்று, அவருடைய நாவல்கள், அவரைப் பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றையும் கும்பத்தின் முன்னால் அடுக்கிச் சந்தனமும் வைத்துவிட்டேன். நாளைக் காலைவரை தொடக்கூடாது.

மத்தியானம் ஏறாவூரிலிருந்து றிஃப்கா வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பவள், மாதம் ஒருமுறையாவது வருவாள். இன்றைக்கு அந்த அயர்லாந்துக்காரரின் பெரிய நாவல்தான் வேண்டுமாம். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

அக்கா புத்தகத்தைத் தொடவில்லை. அவளைப் பக்கத்தில் இருத்திவிட்டு, கண்ணை மூடி முதல் பக்கத்திலிருந்து பாடமாய்ச் சொல்லத் தொடங்கினா. அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாய்த் தேடிச் சேர்த்தவ அவதான். ஆனால் இப்படி நெஞ்சுக்குள்ளேயும் அடுக்கி வைத்திருப்பா என்று நான் நினைக்கவேயில்லை. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் அக்கா தடுமாறி நின்றா. அடுத்த வரியை றிஃப்கா சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள்.

"இவ்வளவும் பாடமெண்டா என்னத்துக்குப் புள்ள பஸ் ஏறி வந்த?" என்று கேட்டேன்.

"வேற ஆருக்கிட்டயும் இதப்பத்திக் கதைக்க ஏலாதே மிஸ்."

அக்கா மார்கழியோடு ஓய்வு பெறுகிறா. அதை நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குச் சொல்லவில்லை.