வீட்டுக்கு ஒரு பேர்

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பனி. களத்தில் காயப் போட்ட மிளகாய் தார்ப்பாய்க்குள்ளும் நனைந்துவிட்டது. லட்சுமி திட்டிக்கொண்டே உதறினாள். மிளகாயைத் திட்டினாளா என்னைத் திட்டினாளா தெரியவில்லை. முதல் பஸ். முதுகுளத்தூர் வரை நின்றுகொண்டே.

மதுரையில் வேலை: துப்பாக்கிக் கடை. அய்யாவுக்கு இருமல் மருந்து. லட்சுமி சொன்ன வடிதட்டு (மறந்தாச்சு, இன்றைக்கு அதற்கும் திட்டு உண்டு).

கடைக்காரர் வயதானவர், நிதானமான ஆள். நான் பட்டாளம் என்று நின்ற விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "சர்வீஸ்ல பிடிச்ச சைஸை மறந்துருங்க சார். அந்தக் குண்டு எதுவும் வெளி ஆளுக்குக் கிடையாது. சட்டம்" என்றார். அனுமதி உள்ள சைஸில் ஒரு ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார். தேக்குக் கட்டை மாதிரி நிறம். தோளில் பொருத்திப் பார்த்தேன். அங்கேயே பிறந்தது மாதிரி உட்கார்ந்தது. பதினேழு வருடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் சர்க்கார் துப்பாக்கி. எனக்கே எனக்கு என்று ஒன்று இதுதான் முதல். கண் கலங்கிவிட்டது. வெட்கக்கேடு.

"எடுத்து வைக்கிறேன். ஆனா லைசென்ஸ் புக்கு இல்லாம வாசப்படி தாண்டாது" என்றார். லைசென்சுக்கு மனு போட்டாச்சு, போலீஸ் விசாரணைதான் பாக்கி. சொன்ன சட்டங்கள்: வாங்கியதும் ஸ்டேஷனில் காட்ட வேண்டும். வீட்டில் சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டி. தோட்டாவுக்குக் கணக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. எல்லாம் சரி. சட்டம் எனக்குப் புதிதா?

திரும்பும்போது பஸ்ஸில் சுபேதார் அண்ணன் போன். என் ரெஜிமென்ட்தான், முன்னாலேயே ஓய்வு. ராமநாதபுரத்தில் நகைக்கடன் கம்பெனிக்கு கன்மேன் வேலை பேசி வைத்திருக்கிறார். "மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பாக. சொந்தத் துப்பாக்கியோட வந்தா அன்னைக்கே சேத்துக்கிருவாக. இல்லாட்டி நீயும் கம்ப ஊண்டிக்கிட்டு நிக்கிற வாட்ச்மேன்தேன், பாத்துக்க."

வாட்ச்மேன் வேலை பார்த்தாச்சு. மாரியூர்ப் பக்கம் இறால் பண்ணையில். மேனேஜர் பையன் விசிலடித்துத்தான் என்னைக் கூப்பிடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட நேரமில்லையாம். ஒருநாள் சட்டையைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு விவசாயம், மழை ஏமாற்றியது. மகள் பன்னிரண்டாவது. இந்த வேலை வரவில்லை என்றால் மறுபடி விசில்தான்.

பிப்ரவரி 12, புதன்

பனி இல்லை. சாயல்குடி வெல்டர் வந்து பெட்டியை உள்ரூம் சுவரில் நான்கு போல்ட் போட்டு இறுக்கினான். சாவி இரண்டு. ஒன்று என் அரைஞாண் கயிற்றில். லட்சுமி சிரித்தாள். "தாலி கட்டுனப்பக்கூட இம்புட்டுப் பத்திரமாப் பாக்கல."

அய்யா வந்து ரூம் வாசலில் நின்று வெகுநேரம் பெட்டியைப் பார்த்தார்.

"போலீசு விசாரிக்குமாலே?"

"விசாரிக்காமயா குடுப்பாக?"

"ஊருக்குள்ள வந்து கேப்பாகளா, அங்கன ஸ்டேஷன்லயே பேரப் பாத்துட்டு விட்ருவாகளா?"

"ரெண்டும்தேன். நான் என்ன கொள்ளைக்காரனா, பயப்பட?"

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இருமல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். நானும் ஒரு மடையன்.

டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாச்சு. உடம்பு சரி, மனசு சரி என்று எழுதியிருக்கிறார். லட்சுமி இரண்டாவதை நம்பவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். சட்டை இஸ்திரி, ஷூ பாலிஷ், டிஸ்சார்ஜ் புக் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். எஸ்.ஐ. என் வயதுதான். நாற்காலி கொடுத்தார், டீ சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட்டார்.

"சார், உங்க மேல வாரண்ட் இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நான் லடாக்கில் இருந்த வருடம் இங்கே கண்மாய் மீன் ஏலத்தில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் அடிதடி. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கை உடைந்தது. கேஸில் என் பெயர். காளிமுத்து, தகப்பன் பெயர், தெரு எல்லாம் சரியாக. மற்றவர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து விடுதலை வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஆஜராகவில்லை. அதனால் என் கேஸைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தலைமறைவு.

தேசத்துக்குக் காவல் நின்றவன் தேசத்தின் கணக்கில் தலைமறைவு! பாஸ்போர்ட் கீஸ்போர்ட் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை.

"கேஸ் இருக்கையில நான் லைசென்சுக்கு எழுத முடியாது" என்றார். "நீங்க அன்னைக்கு ஊர்ல இல்லன்னு பேப்பர் இருந்தா கொண்டாங்க. ஆனா ஒண்ணு. இவரு இல்லைன்னா, அந்த வீட்டுல இருந்து வந்து அடிச்சது யாருன்னு நான் கேக்கணும்ல?" கொஞ்சம் நிறுத்தி, "உங்க தம்பி பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனும் என் மேசையிலதான் கிடக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கே சங்கடம்.

தம்பி முனீஸ் சிங்கப்பூரில். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டிருக்கிறான். அது வராவிட்டால் வேலை போச்சு, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாலையில் அய்யாவிடம் கேட்டேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் சரி. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போலீசு ஆளக் குடுங்கன்னு உக்காந்துட்டாக. ஊர்க்கூட்டத்துல வீட்டுக்கு ஒரு பேருன்னு முடிவு பண்ணுனாக. எம் பேர எழுதச் சொன்னேன். கெழட்டுப் பேரு வேணாம், எளவட்டம்தேன் வேணும்னுட்டாக. அப்பத்தேன் முனீசுக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட்ருந்துச்சு."

"அதுக்கு?"

"நீ பட்டாளத்துல இருக்க. பட்டாளத்தான் மேல போலீசு கைவைக்குமா? அம்புட்டுத் தூரம் ஏறி வந்தா பிடிக்கப் போறாக? பேருதானலே. பேருக்கு என்ன வலிக்கவா போகுது?"

எதிர்வீட்டில், அதற்கு முன்னமே செத்துப்போன மகன் பெயரைக் கொடுத்தார்களாம். அவனும் நானும் தலைமறைவு. நல்ல ஜோடி.

சம்மன் வந்தபோதெல்லாம் "அவன் ஊர்ல இல்லை" என்று அய்யாவே திருப்பி அனுப்பியிருக்கிறார். அது ஒன்றுதான் உண்மை.

பிப்ரவரி 15, சனி

வெயில். காலையிலிருந்தே. மிளகாய் நெடியில் எல்லாருக்கும் தும்மல்.

வக்கீலைப் பார்த்தேன். வாரண்டை ரத்து செய்ய முதலில் கோர்ட்டில் சரணடைய வேண்டும். அன்றைக்கு நான் யூனிட்டில் இருந்ததற்கான சர்டிபிகேட்டைக் காட்டினால் விடுதலை நிச்சயம். எப்போது? "அது சொல்ல முடியாதுங்க" என்றார். மாதக் கடைசிக்குள் நடக்கிற காரியம் இல்லை. ஒரே வழி உண்டு, பெயர் தவறாகக் கொடுக்கப்பட்டது என்று அய்யாவே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் எஸ்.ஐ. சாதகமாகக் குறிப்பு எழுதலாம். அப்படியானால் சரியான பெயர் எது என்று கேட்பார்கள். அதுதான் விலை.

முனீஸ் வீடியோ காலில். தங்கும் அறையில், மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு. அழுதான்.

"அண்ணே, கூட்டத்துல நானும் நின்னேன். கம்பும் வச்சிருந்தேன். யாரு கை ஒடஞ்சுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உம் பேரக் குடுத்தது எனக்குப் பெறகுதேன் தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

திட்ட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கிறது. "சாப்டியாலே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

லட்சுமிக்கு அடங்கவில்லை. அய்யா காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "உங்க பேரு என்ன ஊர்ப் பொதுச் சொத்தா? வேணுங்கறவுக எடுத்துக் குடுக்க? எம் புள்ள படிப்புக்கு யாரு பேரக் குடுக்கிறது?" அய்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவரே வந்தார். "செவ்வாக்கெழம ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு இளகிப்போனேன்! துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காற்று. கடற்காற்று இல்லை, வறண்ட காற்று. புழுதி.

அய்யாவுக்கு நானே சவரம் செய்துவிட்டேன். வெள்ளை வேட்டி. ஷேர் ஆட்டோவில் அவரை என் பக்கம் சாய்த்துக்கொண்டு போனேன். என் பையில் யூனிட் சர்டிபிகேட், லீவு ரெக்கார்டு.

எஸ்.ஐ. அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, பயப்படாமச் சொல்லுங்க. அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து கண்மாய்க்குப் போனது யாரு?"

அய்யா தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மூத்தவந்தேன்."

"பேரு?"

"காளிமுத்து."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "இவரு அப்ப லடாக்குல இருந்ததாச் சொல்றாரே?"

"லீவுல வந்துருந்தான்யா."

லீவில் வந்திருந்தேனாம். அந்த வருடம்தான் அம்மா செத்தாள். பனியில் ரோடு மூடி, இறங்க வழியில்லாமல், தகவலைப் பட்டாள ஒயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அய்யாதான் பிறகு போன் கிடைத்தபோது சொன்னார், "வர முடியாட்டி விடுப்பா, மனசத் தேத்திக்க" என்று. அதே வாயால் லீவில் வந்திருந்தான் என்கிறார்.

என் கை, பையின் ஜிப் வரை போனது. லீவு ரெக்கார்டை எடுத்து மேசையில் வைத்தால் அய்யா பொய் சொன்னவர், தம்பி குற்றவாளி. எடுக்காவிட்டால் நான். அவ்வளவுதான் கணக்கு. அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி நின்றேன். ஜிப்பைத் திறக்கவில்லை.

எஸ்.ஐ.க்கு எல்லாம் புரிந்துவிட்டது. நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நான் பிடிச்சுட்டுப் போனா நல்லா இருக்காது சார். நீங்களே வெள்ளிக்கிழமை கோர்ட்டுல போய் நின்னுருங்க" என்றார். சார் என்றுதான் சொன்னார், கடைசி வரை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அய்யா என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"ஒனக்குப் பென்சன் வருதுலே. அவனுக்கு அந்தப் பாஸ்போர்ட்டுப் புக்கு ஒண்ணுதேன் இருக்கு" என்றார்.

இரண்டு பிள்ளை பெற்றவர் கணக்கு இது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் காப்பாற்றுகிற கணக்கு. ஒவ்வொரு தடவையும் கொடுப்பது என்னையே.

பிப்ரவரி 19, புதன்

துப்பாக்கிக் கடைக்குப் போன். "வேற ஆளுக்குக் குடுத்துருங்க." கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஓரமா வச்சிருக்கேன் சார், துருப்பிடிக்காது" என்றார். முன்பின் தெரியாத ஆள் இவ்வளவு சொல்கிறார்.

சுபேதார் அண்ணனிடம் உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. கண் பார்வை சரியில்லை, டாக்டர் விடவில்லை என்றேன். கண்ணா! குறி தவறாத கண்.

இறால் பண்ணைக்கும் போன். மேனேஜர் பையனே எடுத்தான். "வாங்க வாங்க மிலிட்டரி, ஆளு பத்தல" என்றான். திங்கள்கிழமை முதல். மகளிடம் சொல்லவில்லை. லட்சுமியிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், அதனால் அழுதாளா தெரியவில்லை.

முனீஸ் மெசேஜ்: வெரிஃபிகேஷன் கிளியர். கும்பிடுகிற பொம்மை மூன்று.

பிப்ரவரி 21, வெள்ளி

வெயில். கோர்ட் வாசலில் நிழல் கிடையாது.

என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். நீதிபதி சின்ன வயதுப் பெண். "இத்தனை வருசம் எங்க இருந்தீங்க?" என்றார்.

எவ்வளவு பெரிய பதில் இருக்கிறது என்னிடம்! "ஊர்ல இல்லம்மா" என்றேன்.

வாரண்ட் ரத்து. இரண்டு ஜாமீன் கேட்டார்கள். ஒன்று பக்கத்து வீட்டு மாமா. இன்னொன்று அய்யா, வீட்டு வரி ரசீதோடு. நான் கூப்பிடவில்லை. தானாக வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவன், அதாவது நான்) யார், உனக்கு என்ன உறவு என்று கிளார்க் கேட்டார்.

அய்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எம் மூத்த மகன் காளிமுத்து. ஒரு தப்பும் பண்ணாதவன்யா."

கோர்ட்டே சிரித்துவிட்டது. "எல்லா அப்பனும் இங்கன வந்து இதத்தேன் சொல்றான். கையெழுத்தப் போடுங்க பெருசு" என்றார் கிளார்க். போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுத்தேன். சிக்கல் ஊர் வருவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டார். ரைஃபிளைப் பொருத்திப் பார்த்த அதே தோள்.

வீட்டுக்கு வந்தால் லட்சுமி இரும்புப் பெட்டியில் மிளகாய் விதையைக் கொட்டி வைத்திருக்கிறாள். எலி ஏறாதாம். பூட்டச் சாவி கேட்டாள். அவிழ்த்துக் கொடுத்தேன்.