வோட்டுப் போட லீவு

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை

இஞ்சாருங்கோ,

பிள்ளையார் புண்ணியத்தில நான் சுகம். உங்கட முழங்கால் வீக்கம் வத்திட்டுதோ? குளிசையை விடாமல் போடுறியளோ?

வோட்டுக்கு ஊருக்கு வருவியோ எண்டு கேட்டிருந்தியள். எனக்கு ஒரு கட்சியிலயும் நம்பிக்கையில்லை. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டுதான் வாறாங்கள், வெண்டாப் பிறகு எங்கட ஒழுங்கையை எட்டியும் பாக்கிறேல்லை. ஆனா நான் சமைக்கிற வீட்டுப் பிள்ளை நிருஷா, வோட்டெண்டாத்தான் இப்ப லீவு தருவா.

"ஆருக்கு அன்ரி போடப் போறியள்?" எண்டு கேட்டா.

"ஒருத்தருக்கும் மனமில்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் இவ்வளவு தூரம் பஸ்ஸில குலுங்கிப் போறியள்?" எண்டு சிரிச்சா.

வெள்ளிக்கிழமை கோயிலில பூக்கட்டிப் பாத்தன். சிவப்பு வந்தா வோட்டுப் போடுறது, வெள்ளை வந்தா விடுறது எண்டு. வெள்ளைதான் வந்தது. பாரம் விட்டுதெண்டு சந்தோசப்படாமல், அதிலயே நிண்டு அழுதுபோட்டன். ஐயர் பயந்துபோய்த் தீர்த்தம் தந்தார். நீங்கள் கவலைப்படாதேங்கோ, ஒண்டுமில்லை.

இண்டைக்கு லீவு கேட்டிட்டன். பிள்ளையாரிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். வோட்டெண்டு சொல்லி லீவு வாங்கிப்போட்டுப் போடாமல் விட்டா அது பொய்யாப் போகும், அதால போடத்தான் வேணும். ஆருக்கெண்டு பஸ்ஸில யோசிக்கிறன்.

பருப்புப் பொங்குது, நிப்பாட்டுறன். என்ர தலையணையை ஒருக்கா வெயிலில போட்டு வையுங்கோ.

உங்கட,
புனிதவதி